ஜேஜு தீவின் கடலோர ஊற்றுகள்

தென் கொரியாவில் நல்ல மழை கொட்டும் இடங்களில் ஜேஜுவும் ஒன்று. ஆனாலும் பெரும்பாலான பாலங்களுக்கு அடியில் காய்ந்த பாறைப் படுகைதான் கிடக்கும். பெருமழைக்கு மட்டும் வெள்ளம் ஓடி, சீக்கிரமே வடிந்துவிடும். நடுவில் 1,947 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஹல்லாசான் உட்பட, தீவு முழுக்க எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. அந்த பசால்ட் பாறையில் துளையும் வெடிப்பும் அதிகம். மழைநீர் உள்ளே இறங்கி, கடலோரத்தில் ஊற்றாகப் பொங்குகிறது. பழைய ஊர்களில் பெரும்பாலானவை கரையை ஒட்டியே அமைந்தது இதனால்தான்.

இந்த ஊற்றுகளைப் பார்க்காமல் ஜேஜுவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மேற்குக் கரையோரமாகச் செல்லும் 202-ஆம் எண் பேருந்தில் ஏறி க்வாக்ஜி கடற்கரையில் இறங்குங்கள். மணலிலேயே கல்சுவர் கட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் குளிக்குமிடம் அமைத்திருக்கிறார்கள். கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஓதம் ஏறினால் பல ஊற்றுகளில் கடல்நீர் புகுந்துவிடும். வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். கல்லில் பாசி வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

ஊற்றுகளில் தொட்டி தொட்டியாகத் தடுத்திருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஊற்றுக்கண்ணை ஒட்டியது குடிக்க, அடுத்தது காய்கறி அலச, கடைசி துணி துவைக்க. வரிசை மாறினால் ஊருக்கே தண்ணீர் கெடும்.

குழாய் வரும்வரை பெண்கள் ‘ஹொபொக்’ என்ற மண்குடத்தில் நீர் சுமந்தார்கள். வயிறு பருத்து, கழுத்து குறுகி இருக்கும், நடக்கும்போது தளும்பாது. கல் பாதையும் பலத்த காற்றும் தலைச்சுமைக்கு ஒத்துவராததால், மூங்கில் கூடையில் வைத்து முதுகில் கட்டிக்கொள்வார்கள். ஜேஜு நகரின் நாட்டுப்புற, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இதை அருகில் பார்க்கலாம்.

வயல்களைப் பிரிக்கும் கருப்புக் கல்வேலிகளில் சாந்து கிடையாது. இடுக்கு வழியே காற்று போய்விடுவதால்தான் அவை சாய்வதில்லை. இடுக்கை அடைத்தால் முழுக் காற்றையும் வேலி தாங்கவேண்டி வரும். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், கல் சரியும்.

நீர் தங்காத மண்ணில் நெல் அரிது. தெற்கே வற்றாத ஓடை உள்ள கங்ஜோங் போன்ற சில ஊர்களில்தான் விளைந்தது. மற்ற இடங்களில் வாற்கோதுமையும் தினையும். சந்தையில் சிவப்புப் பயறு பூசி விற்கும் ‘ஓமேகி’ உருண்டை அந்தத் தினையிலிருந்து வந்ததுதான். இப்போது பல கடைகளில் பசையரிசி மாவே மிகுதி. தினை கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் இறுகிவிடும்.