அஸ்பிரின் வாங்க முன்னம்

மட்டக்களப்பில் மாரி மழை தொடங்கினால் நுளம்பு பெருகும், டெங்குவும் வரும். அந்த மாதங்களில் காய்ச்சலுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுக்களை டெங்கு குறைக்கும். மிஞ்சியிருக்கும் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அஸ்பிரின் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் இரத்தப்போக்கு உயிராபத்தாகலாம். இபுபுரோபன், டைக்குளோபினாக் என்ற நோக்குளிசைகளும் அப்படித்தான். பரசிற்றமோலை அளவோடு எடுத்து, இரத்தம் சோதியுங்கள்.

தலையிடி, பல்வலி என்றால் வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு அஸ்பிரின் 300 முதல் 600 மில்லிகிராம் போதும். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். அடுத்த குளிசைக்குக் குறைந்தது 4 மணித்தியாலம் விடவேண்டும். ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அல்சர், முட்டு வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது: ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் அரிதுதான், ஆனால் பிள்ளையைக் கொல்லக்கூடும்.

இதயத்துக்கென்று தினமும் 75 மில்லிகிராம் எடுக்கும் அம்மம்மா அதைத் தானாக நிறுத்தக் கூடாது. அவவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டி, அஸ்பிரின் எடுப்பதைச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்ல வேண்டும்.

போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். வாவிக்கரை ஈரக்காற்றில் அஸ்பிரின் சிதைந்து, வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலம் உண்டாகிறது. ஆகவே உறையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள்.

மலம் தார்போலக் கறுத்துப் போனால், அல்லது காது இரைந்தால், அஸ்பிரினையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.