வேலை அட்டையும் ஒரு வாசிப்புப் பாடம்தான்

முதலில் எழுத்து, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம் என்றுதான் நாம் காலகாலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மேன் 1967இல் ஒரு கட்டுரை எழுதி இதைத் தலைகீழாக்கினார். வாசிக்கிறவர் எழுத்தெழுத்தாகக் கூட்டுவதில்லை, பொருளை ஊகித்தபடியே போகிறார் என்றார். தனி எழுத்தில் தொடங்காமல் பொருளுள்ள முழு வாசகத்தையே வாசிக்கத் தரும் முழுமொழி அணுகுமுறை அந்த யோசனையில் வளர்ந்ததுதான். அமெரிக்காவில் இதற்குப் பலத்த எதிர்ப்பும் வந்தது. ஒலியையும் எழுத்தையும் முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்று 2000இல் ஒரு தேசியக் குழு அறிக்கையே கொடுத்தது.

அந்தச் சண்டை நமக்கு அவ்வளவாகத் தேவையில்லை. 247 எழுத்து என்று மிரட்டினாலும், 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் மற்றவை வரிசைகட்டி வந்துவிடும். அதனால் எழுத்தையும் விடாமல் நடத்துகிறேன். 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் கொம்பில் தடுமாறும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். ஆனால் எதை வாசிக்கத் தருவது என்று வந்தால் நான் குட்மேன் கட்சி.

எங்கள் பள்ளி திருத்துறைப்பூண்டி பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் எழுத்துள்ள எதையாவது கொண்டுவரச் சொன்னேன். யூரியா சாக்கு வந்தது, பூச்சிமருந்து டப்பா வந்தது (அதை உடனே வாங்கி வெளியே வைத்தேன்), ரேஷன் கார்டு வந்தது. ஒரு பெண் தன் அப்பாயியின் நூறு நாள் வேலை அட்டையைக் கொண்டுவந்தாள். பெயர், ஊர் எல்லாம் விரல் வைத்து வாசித்தவள், வேலை கேட்ட விவரம் எழுதும் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"டீச்சர், இதுல ஏன் ஒண்ணுமே எழுதல?"

வேலை கேட்டு எழுதிக் கொடுக்கலாம், தேதி போட்ட ரசீது தர வேண்டும், 15 நாளில் வேலை தரவில்லையென்றால் அதற்கு உதவித்தொகை தர வேண்டும் என்றது அந்தத் திட்டத்தின் சட்டம். அதைச் சொன்னேன். அன்றைய எழுத்துப் பயிற்சி அந்த விண்ணப்பம்தான். ஆளுக்கொன்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அப்பாயியே பள்ளிக்கு வந்துவிட்டார். "குடுத்தா செய்வோம். நாமளா போயி கேக்குறதாம்மா?" என்றார். அவர் தயங்கியதில் தப்பே இல்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இங்கிருந்து அதிகத் தூரமில்லை.

தலைமையாசிரியருக்கு வேறு பயம். "ஏம்மா, ஆசிரியர் நடத்தை விதியை மீறிட்டீங்கன்னு நோட்டீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் ஊர்க் கூலித் தொழிலாளர்களுக்கு, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து எழுத்தறிவித்தார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஆனாலும் என் நிலை இதுதான்: நான் யாருக்காகவும் மனு எழுதவில்லை, கொடி பிடிக்கவில்லை. வாசிக்கச் சொல்லித்தந்தேன். வாசித்தவர்கள் கேட்டால் அதைத் தடுப்பது என் வேலையில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் சில பெண்கள் பேத்திமார் கையெழுத்திலிருந்த விண்ணப்பங்களை நீட்டினார்கள். ரசீதெல்லாம் தரும் வழக்கமில்லை என்று ஊராட்சிக்காரர்கள் முதலில் சொன்னார்கள். பெண்கள் நகரவில்லை, கடைசியில் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, இது எந்தக் கற்றல் விளைவில் வரும் என்று கேட்டார். 'படித்துப் பொருள் உணர்தல்' என்று பதிவேட்டில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.