மந்தையில் ஒரு நடுகல்

மார்கழி முதல் நாள் விடியற்காலையில், மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவனுக்கு மேடை புதிதல்ல. ஆனால் அன்று நான் படிக்க வேண்டியிருந்தது, என் பெரியப்பாவின் பெயர் பொறித்த கல்லின் முன்னால், நானே எழுதிய பாடலை. அன்று டிசம்பர் 16. 1971ஆம் ஆண்டு இதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளானார்கள். எங்கள் ஊரின் முன்னாள் படைவீரர்கள், தங்கள் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் சேர்த்த பணத்தில் எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திறப்பதற்கு அந்த நாளையே குறித்திருந்தார்கள்.

நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி என்று பேருந்து நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் கோயில் ஒலிபெருக்கியில் பாவைப் பாடல் ஒலித்தது. வாசல்களில் பூசணிப்பூ வைத்த கோலங்கள் இருந்தன. உசிலம்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் கிராமத்துக்குப் போனேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் அதைக் குறிப்பிடவில்லை.

அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று பட்டாளம். 1758ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. கம்பங்காட்டில் வெறுங்காலுடன் திரிந்த பிள்ளைகள் முதன்முதலாகக் குளிரையும் பூட்ஸையும் அறிந்துகொண்டது அங்கேதான். என் பெரியப்பாவும் அப்படிப் போனவர். திருமணத்துக்குப் பிறகு மூன்றே மூன்று முறை விடுப்பில் வந்தார். ஒவ்வொரு முறை அவர் திரும்பும்போதும் பெரியம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்து ஒரு பால்பவுடர் டப்பாவில் நிரப்பிக் கொடுப்பார். பல்லால் கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியான அந்த உருண்டை, மாதக் கணக்கில் கெடாது; தொலைதூரம் போகிறவர்களுக்கென்றே நம் பக்கத்தில் செய்கிற பண்டம் அது.

1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் அவர் இறந்ததாகத் தந்தி வந்தது. அடுத்த மாதம் உசிலம்பட்டி ரயில் நிலையத்துக்கு அவருடைய டிரங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. கறுப்புத் தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தால் அவருடைய பெயரும் படை எண்ணும் எழுதியிருந்ததைப் பார்த்தபடி மாட்டுவண்டியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது நினைவிருக்கிறது. உள்ளே மடித்த இரண்டு சட்டைகள், ஒரு கம்பளி, சவரக் கத்தி, கடிதக் கட்டு, பிறகு அந்தப் பால்பவுடர் டப்பா. டப்பா காலியாக இருந்தது.

உடல் வரவில்லை. 1999ஆம் ஆண்டு கார்கில் போருக்கு முன்புவரை, போரில் இறந்த வீரர்களின் உடல்களைப் போர்முனைக்கு அருகிலேயே எரியூட்டுவதுதான் பெரும்பாலும் நடைமுறையாக இருந்தது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் இறந்த 20 இந்திய வீரர்களில் ஒருவரான ஹவில்தார் பழனியின் உடல், ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அவருடைய சொந்த ஊரான கடுக்கலூருக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அந்தப் புள்ளைக்கு மண்ணு போட ஒரு இடமாச்சும் கெடச்சிச்சே" என்று மட்டும் சொன்னார். ஊர்ப் பொதுவிடமான எங்கள் மந்தையில் ஒரு கல் வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது அந்த வார்த்தையில்தான். கொள்ளி வைத்த இடமோ புதைத்த இடமோ இல்லாத ஒருவருக்கு, ஊருக்குள் ஓர் இடம் வேண்டும்.

நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். போரில் இறந்தவனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதல் நிலை. நட்ட கல்லைப் பாடி வாழ்த்துவது கடைசி நிலை. பாடல் இல்லாமல் அந்தச் சடங்கு நிறைவடையாது என்பதை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த ஆறாவது நிலை என் தலையில் வந்து விழும் என்று அப்போது நினைத்ததில்லை.

முதலில் எழுதியதை நான் கிழித்துப் போட்டேன். சிங்கம், வேங்கை, குருதி, வெற்றி என்று அதில் எல்லாம் இருந்தன. என் பெரியப்பாதான் இல்லை. அந்த நேரத்தில் எனக்குத் துணைக்கு வந்தது புலிமான்கோம்பைக் கல். ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள அந்த ஊரில் 2006ஆம் ஆண்டு, தமிழின் பழைய எழுத்தான தமிழியில் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய அவற்றில் ஒன்று, 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல் என்பது அதன் பொருள். ஊர், பெயர், இறந்த காரணம், அவ்வளவுதான். ஓர் அடைமொழிகூட இல்லை. அதன் பிறகு நானும் அடைமொழிகளை நீக்கிவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் அகவற்பாவில் எழுதத் தொடங்கினேன். அகவுதல் என்றால் அழைத்தல். பெயர் சொல்லி ஒருவரை அழைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஓசை தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

மந்தையில் வேப்பமரத்துக்கு எதிரே பீடம் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஐந்தடி உயரக் கருங்கல் நின்றது. முன்பக்கம் மட்டும் மெருகேற்றி, பின்பக்கத்தை உளி கொத்தியபடியே விட்டிருந்தார்கள். ஆறு பெயர்கள். எழுத்துப் பள்ளங்களில் வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. டிரங்குப் பெட்டியின் மேல் இருந்த அதே வெள்ளை. 1971 போரில் இறந்தவர்கள் இருவர். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதி காக்கும் படையில் இறந்தவர் ஒருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். மற்ற மூவர் காஷ்மீரில் வெவ்வேறு ஆண்டுகளில் இறந்தவர்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் திரையை விலக்கினார். பிகில் ஒலித்தது. இரண்டு நிமிட மௌனத்தில் கிடைக்குத் திரும்பாத ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என்.சி.சி. மாணவி, "மேலருந்து ரெண்டாவது பாட்டி" என்றாள். பெரியம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டு, மலர்வளையங்களுக்கு நடுவே ஒரே ஒரு பொரிவிளங்காய் உருண்டையை வைத்தார்.

பிறகு என்னை அழைத்தார்கள். தாளைப் பிரித்துப் படித்தேன்.

புறப்படும் நாளில் புழுதி பறந்த
தெருவின் முனையில் திரும்பிப் பார்த்தாய்;
பெட்டியின் மேலே பேரும் எண்ணும்
வெள்ளைச் சாயம் விளங்க எழுதி
வந்தது பெட்டி, வரவிலை நீயே.

இந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "என்னப் பெத்த ராசா" என்று குரலெடுத்தார். அவர் இலங்கையில் இறந்தவரின் தாய். இன்னொருவர் சேர்ந்துகொண்டார், கணப்பொழுதில் ஏழெட்டுக் குரல்கள் ஒப்பாரியாக எழுந்தன. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் அவர்களை அமைதிப்படுத்த எழுந்தார். சுபேதார் கையசைத்து அவரை உட்கார வைத்தார். நான் நிறுத்திக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. நான் எழுதியது அந்தக் குரல்களைத் தொடங்கி வைப்பதற்காகத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதற்குமேல் ஒரு பாடலுக்கு நான் எதையும் கேட்க மாட்டேன். குரல்கள் தாமாகத் தணிந்த பிறகு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதக்கங்கள் அணிந்து உட்கார்ந்திருந்த பதினான்கு முன்னாள் வீரர்களின் பக்கம் திரும்பி, மிச்சத்தைப் படித்தேன்.

வந்தவர் நீவிர்; வாய்திறந் திலீரே;
கம்பும் சோளமும் காட்டில் விதைத்தீர்;
கனவில் மட்டும் காவல் நின்றீர்;
இந்நாள் இரவில் இறக்குக சுமையே.

யாரும் கைதட்டவில்லை. அவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தவரும் உண்டு.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இலங்கைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் என் அருகில் வந்தார். முப்பது ஆண்டுகளாக அவரை எனக்குத் தெரியும். மழையையும் மாட்டையும் தவிர வேறெதையும் அவர் பேசிக் கேட்டதில்லை. "அங்க ஒரு வீட்டுல தண்ணி கேட்டேன், தம்பி. தமிழ்லதான் கேட்டேன்" என்றார். தம்ளரைக் கையில் வைத்தபடி சற்று நேரம் நின்றார். அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

மாலையில் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பாடல் எழுதிய தாளை அவர் கேட்டு வாங்கி, டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதக் கட்டுக்கு அடியில் வைத்தார். பிறகு அதே பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மூடியின் ஓரத்தில் துரு ஏறியிருந்தது. உள்ளே மீதி உருண்டைகள் இருந்தன. வாசல்வரை வந்து, ஆட்டோவில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு, குனிந்து சொன்னார்:

"டப்பாவ யாருகிட்டயும் குடுத்துவிடாதய்யா. நீயே கொண்டாந்து குடு."