வாங்கி வைக்காத 700 வெள்ளி

“இத்தனை பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்க, என் காச மட்டும் வெச்சுக்க மாட்டீங்களா ஐயா?”

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மிஷன் ஆபீசில் என் மேசைக்கு எதிரே நின்று அந்தத் தம்பி கேட்டது இது. 2019 அக்டோபர். முடியாது என்று சொன்னேன். ஏன் முடியாது என்பதற்கு அன்றைக்குச் சொன்ன காரணங்களை இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அவன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கணவனும் மனைவியுமாக வெளிநாட்டு மிஷன் ஆபீசுக்குப் போய் ஊழியம் செய்வது நம் சபைகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். பிரசங்கம் எல்லாம் கிடையாது. வீட்டு வாடகை, கரண்ட் பில், ரசீது, வண்டிக்கு ரோடு டாக்ஸ், வருகிறவர்களுக்குக் காப்பி. நான் வங்கியில் கேஷியராக இருந்தவன் என்பதால் கணக்கு என்னிடம் வந்தது. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவள், வாசல் மேசை அவளுக்கு. இளம் ஊழியர்களின் பாஸைப் புதுப்பிக்கிற வேலையும் என்னுடையது. அங்கே மிஷனரிகளுக்குக் கொடுப்பது புரொஃபெஷனல் விசிட் பாஸ் என்கிற தங்கும் அனுமதி, ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 மாதம். அதனால் யாருடைய பாஸ்போர்ட்டாவது என் டிராயரில் இருந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது ஒரு கையெழுத்து, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. தம்பி பார்த்தது அந்த டிராயரைத்தான்.

ராமநாதபுரம் பக்கத்துப் பையன். ஏஜென்ட் சுற்றுலா விசாவில் கூட்டிவந்து மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டிருக்கிறான். விசா எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை, இப்படி இருப்பவர்கள் வழக்கில்லாமல் ஊர் திரும்ப அரசாங்கம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. பாஸ்போர்ட் அல்லது தூதரகம் தருகிற அவசரச் சான்று வேண்டும், ஏழு நாளுக்குள் புறப்படுகிற டிக்கெட் வேண்டும், 700 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், அபராதம் கட்ட வேண்டும். பாஸ்போர்ட் அவன் கையிலேயே இருந்தது. அபராதப் பணத்தையும் சேர்த்துவிட்டான். இனிமேல்தான் திருச்சி டிக்கெட்டுக்குச் சேர்க்க வேண்டும். அதுவரை இந்த 700 பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. தங்குகிற அறையில் பல பேர், பெட்டிக்குப் பூட்டு இல்லை. செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவனுக்கு வங்கிக் கணக்கு ஏது? முதலாளியிடம் கொடுத்தால் திரும்ப வராது என்றான்.

காசு கொடு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிஷன் பணத்தை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை என்பது எழுதிவைத்த விதி, அதைச் சொல்லியிருப்பேன். வேண்டுமானால் எங்கள் சொந்தப் பணத்தில் கொஞ்சம் கொடுத்திருப்போம். தன் காசையே வைத்திரு என்று ஒருவன் சொல்லும்போது எந்த விதியைக் காட்டுவது?

“தம்பி, ஆபீஸ் பெட்டியில ஆபீஸ் பணம் மட்டும்தான் இருக்கணும். ரசீது இல்லாம ஒரு வெள்ளிகூட உள்ள வரக்கூடாது.”

“பெட்டியில வேணாங்கய்யா. உங்க பைபிளுக்குள்ள வெச்சுக்கோங்க.”

அதற்கும் மாட்டேன் என்றேன். அப்போதுதான் டிராயரைக் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. ஒருவேளை எனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கும் என்று நினைத்து எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. அது வேறப்பா, அவர்கள் ஆபீசைச் சேர்ந்தவர்கள் என்றேன். “சரிங்கய்யா, பரவாயில்ல” என்று நோட்டுகளைப் பழையபடி பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பிறகு வரவே இல்லை.

வங்கியில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாடிக்கையாளர் பணத்தை, எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், சொந்தப் பொறுப்பில் வாங்கி வைக்கக் கூடாது. அப்படி வைத்து வேலையை இழந்த நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கே அவன் வந்து 700 அல்ல 900 கொடுத்தேன் என்றால் என்ன செய்வது? அவன் அப்படிச் சொல்கிறவன் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால் விதி என்பது ஆளைப் பார்த்துத் தளர்த்துவதற்கு இல்லையே. தவிர, அந்த நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். பணத்தை வாங்கி வைப்பது அடைக்கலமாகாது என்பதும் தெரியும். ஆனால் வாங்கி வைத்தால் அவன் அடிக்கடி வருவான், கூட இன்னும் நாலு பேர் வருவார்கள், ஒரு நாள் அதிகாரிகள் வந்து கேட்பார்கள். எங்கள் எல்லாருடைய பாஸும் அந்த ஆபீசின் நல்ல பெயரில்தானே ஓடுகிறது.

இதையெல்லாம் அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “என்னங்க, இதுல பாதிக் காரணம் இப்ப யோசிச்சது” என்றாள். இருக்கலாம். அதற்காக அவை காரணமே இல்லை என்று ஆகிவிடுமா? பொறுப்பாளர் அந்த வாரம் ஈப்போவில் இருந்தார். போன் பண்ணிக் கேட்டிருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார். “அப்ப கேட்டிருக்கலாமே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உக்கிராணக்காரன், அதாவது பிறர் பொருளைப் பொறுப்பாகப் பார்க்கிறவன், உண்மையுள்ளவனாக இருக்க வேண்டும் என்று நான் வசனம் சொன்னால், அந்நியனைச் சேர்த்துக்கொண்டதைப் பற்றி மத்தேயு 25-இல் இருப்பதை அவள் சொல்வாள். வேதத்தில் இரண்டும்தான் இருக்கிறது. நாற்பது வயதில் என்றால் இதைப் பெரிய விவாதமாக்கியிருப்போம். இப்போது ஆளுக்கு ஒரு வசனம் சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

டிசம்பர் கடைசியில் இமிகிரேஷன் ஆபீஸ்களின் முன்னால் விடிவதற்கு முன்பே ஜனம் வரிசையில் நிற்கிற படங்கள் பேப்பரில் வந்தன. கடைசி நேரக் கூட்டம். டிக்கெட் விலையும் ஏறியிருந்தது. அவள் ஒவ்வொரு படத்தையும் போனில் பெரிதாக்கி முகம் முகமாகப் பார்த்தாள். அவன் அக்டோபரிலேயே போயிருப்பான் என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாங்களும் போக வழியில்லாமல் அங்கேயே இருந்தோம். மஸ்ஜித் இந்தியாவில் நம் ஆட்கள் நிறையப் பேர் தங்கியிருந்த மாடிக் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். 2020 மே 1 அன்று அந்தப் பகுதியில் பெரிய சோதனை நடந்து, நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அதில் இருந்தானா, அதற்குள் ஊரில் கல்யாணமே முடிந்து நன்றாக இருக்கிறானா, எங்களுக்குத் தெரிய வழியில்லை. அவன் பெயரை நான் கேட்டு எழுதிவைக்கவில்லை. மனைவி கேட்டிருக்கிறாள், ஜெபத்தில் அவளால் பெயர் சொல்ல முடிகிறது. நான் ‘அந்தத் தம்பி’ என்கிறேன்.

பணத்தை வாங்கி வைத்திருந்தால் மட்டும் டிக்கெட் காசு வந்திருக்குமா? வந்திருக்காது. அப்படிப் பார்த்தால் என் பதிலால் எதுவும் மாறியிருக்காது. ஆனால் 700 எங்களிடம் இருந்திருந்தால் அவன் திரும்பி வந்திருப்பான். வந்திருந்தால் டிக்கெட்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்டிருப்போம், எங்கள் கைப்பணத்தைப் போட்டு அனுப்பியிருப்போம். அந்த அளவுக்கு எங்களுக்கு மனசு உண்டு, அதை நிச்சயமாகச் சொல்வேன். எங்களை அவ்வளவு தூரம் போக விடாதது அந்த ஒரு “முடியாது”தான் என்று மனைவி சொல்கிறாள். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். மறு பாதியில் அந்தப் பணம் என் டிராயரில் இருக்கும்போது ஆடிட்டர் வந்து நிற்கிறார்.

இப்போது அதே ஆபீசிலிருந்து இன்னொரு தவணை வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் போக ஆசை. என்னை வாசலில் வருகிறவர்களிடம் பேச விடக் கூடாது, அவள் பேசி முடித்த பிறகுதான் நான் கணக்கைப் பற்றி வாயைத் திறக்கலாம், அப்படியென்றால் வருகிறேன் என்கிறாள். ஆபீஸ் அப்படி நடக்காது என்று சொல்லியிருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும்.