பனியில் நடக்கும் பெண்

நேற்று இரவு ‘இன் பிட்வீன் டேஸ்’ மறுபடி பார்த்தேன். 2006-ல் வந்த, இயக்குநர் சோ யோங் கிம்மின் முதல் படம். தென் கொரியாவின் புசானில் பிறந்து 12 வயதில் அமெரிக்கா போனவர். சிகாகோவில் கலை படித்தவர்.

கொரியாவிலிருந்து குடிபெயர்ந்த ஒரு பதின்வயதுப் பெண். பனியில் நடக்கிறாள், கூடவே இல்லாத அப்பாவிடம் மனசுக்குள் பேசுகிறாள். அவ்வளவுதான் கதை. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருது கிடைத்தது.

அடுத்த படம் ‘ட்ரீலெஸ் மவுன்டன்’ (2008), கொரியாவிலேயே எடுத்தது. உண்டியல் நிறைந்தால் அம்மா வந்துவிடுவாள் என்று நம்பும் இரண்டு குட்டிச் சகோதரிகள். சீக்கிரம் நிறையட்டும் என்று பெரிய காசைச் சில்லறையாக மாற்றிப் போடுவார்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.