40 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிற மிசைல் ஏன் 40 போவதில்லை

விண்வெளி கேம் விளையாடுகிற பெடியள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். "அண்ணை, மிசைலுக்கு 40 கிலோமீற்றர் எண்டு போட்டிருக்கு. எதிரி 35இல நிக்கேக்க அடிச்சனான். கிட்டப் போகவே இல்லை, காணாமப் போச்சு. கேம் பிழையோ?"

கேம் பிழை இல்லை. அந்த 40 எதைக் குறிக்கிறது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

ஈவ் ஒன்லைனை எடுத்துக்கொள்வோம். 2003இல் வந்த கேம், இன்றைக்கும் ஓடுகிறது. அதில் ஒரு ஏவுகணையின் தூரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள்: அதிகபட்ச வேகம், பறக்கும் நேரம். இரண்டையும் பெருக்கி வருவதைத்தான் ரேஞ்ச் என்கிறோம். செக்கனுக்கு 4000 மீற்றர் வேகத்தில் 10 செக்கன் பறக்கும் என்றால் 40 கிலோமீற்றர் (கணக்கு லேசாக இருக்கட்டும் என்று நான் எடுத்த எண்கள் இவை). அது ஏவுகணை ஓடி முடிக்கக்கூடிய பாதையின் நீளம். சுடும் நேரத்தில் உங்களுக்கும் அவனுக்கும் இடையில் திரையில் தெரிகிற தூரம் வேறு கணக்கு. அவன் அசையாமல் நின்றால் மட்டும் இரண்டும் ஒன்றாகும், ஆனால் சண்டையில் யார் அசையாமல் நிற்கிறார்கள்?

மாங்குளத்தில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பஸ் ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கமாக 5 கிலோமீற்றர் போய்விட்டது, மணிக்கு 60இல் போகிறது, நீங்கள் மோட்டார் சைக்கிளில் 80இல் விரட்டுகிறீர்கள். இடைவெளி குறைவது மணிக்கு 20 மட்டும்தான். பிடிக்கக் கால் மணித்தியாலம் வேண்டும், அதற்குள் உங்கள் சைக்கிள் 20 கிலோமீற்றர் ஓடியிருக்கும். 5 கிலோமீற்றர் இடைவெளிக்கு 20 கிலோமீற்றருக்கான பெற்றோல்! டாங்கில் 15 கிலோமீற்றருக்குத்தான் இருக்கிறது என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஒரே வழி, அது முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பது.

ஏவுகணைக்கும் இதே கணக்குத்தான். 4000இல் போகிற ஏவுகணைக்கு முன்னால் அவன் 2000இல் நேராக ஓடினால், இடைவெளி செக்கனுக்கு 2000 தான் குறையும். 10 செக்கனில் 20 கிலோமீற்றர். உங்கள் 40 பாதியாகிவிட்டது. 35இல் நின்றவனுக்கு அடித்தது ஏன் சேரவில்லை என்று இப்போது விளங்கும். அதே ஆள் உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தால் 60இல் இருக்கும்போதே சுடலாம், சேரும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல, சார்பு வேகம்தான். ரியூசனில் அந்தக் கணக்கை அழகாகச் செய்துவிட்டு வருகிற பிள்ளை கூட, கேமுக்குள் வந்தவுடன் அதை மறந்து தூரத்தை மட்டும் பார்க்கிறது. நான் எப்போதும் சொல்வது, கிலோமீற்றரைப் பார்க்காதே, போய்ச் சேர எத்தனை செக்கன் எடுக்கும் என்று பார் என்பதுதான்.

அவன் ஓடவும் இல்லை, வரவும் இல்லை, குறுக்காகப் போகிறான் என்றால்? இந்த இடம்தான் எனக்கு ஆகப் பிடித்தது. ஏவுகணை எப்போதும் அவன் இப்போது இருக்கிற இடத்தையே பார்த்துத் திரும்பிக்கொண்டு போனால், அதன் பாதை வளைந்துவிடும். இந்த வளைவை 1732இலேயே பியர் பூகே என்கிற பிரெஞ்சுக்காரர் கணக்குப் போட்டு வைத்துவிட்டார், கொள்ளையர் கப்பல் ஒன்று வணிகக் கப்பலைத் துரத்துவதாக வைத்து. நம்முடைய எண்களை அதில் போட்டால், சுடும் நேரத்தில் சரி குறுக்காக 2000இல் போய்க்கொண்டிருக்கிறவனை, பறக்கும் நேரம் முடிவதற்குள் பிடிக்க வேண்டுமானால் அவன் 30 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். பத்து கிலோமீற்றர் வளைவிலேயே போய்விட்டது. ஏவுகணை கெட்டிக்காரத்தனமாக அவன் போகப் போகிற இடத்தை முன்கூட்டியே பார்த்து நேராகப் போனால் இது 34.6 ஆகும், வேக முக்கோணி கீறிப் பார்த்தால் வரும். அப்போதும் 40 இல்லை. உங்கள் கேமில் ஏவுகணை எந்த மாதிரித் துரத்துகிறது என்று அறிய, அதன் பின்னால் விழுகிற புகைக்கோட்டைப் பாருங்கள். நன்றாக வளைந்திருந்தால் அது பூகேயின் கப்பல்தான்.

அப்புறம் முடுக்கம். ஏவுகணை குழாயை விட்டு வெளியே வந்த உடனேயே முழு வேகத்தில் போகாது. ஈவிலும் அப்படித்தான். முழு வேகம் எடுக்க ஒரு செக்கன் பிடிக்கிறது, சீராகக் கூடுகிறது என்றால் அந்தச் செக்கனில் பாதித் தூரம்தான் போகும், அதாவது 2 கிலோமீற்றர் நட்டம். 10 செக்கன் பறக்கிறதுக்கு 40, 38 ஆகும், பெரிய விஷயம் இல்லை. ஆனால் 2 செக்கன் மட்டும் பறக்கிற சின்ன ரொக்கெட்டுக்கு 8, 6 ஆகிவிடும். காற்பங்கு போச்சு! கிட்டத்தில் அடிக்கிறவைதான் இதில் கூட அடிபடுகின்றன, அதை எதிர்பார்ப்பவர்கள் குறைவு.

நெட் சரியில்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். வன்னியில் நாங்கள் 4ஜி ரவுட்டரை வைத்துக்கொண்டு விளையாடுகிறோம், ஈவின் சேர்வர் லண்டனில் இருக்கிறது, தாமதம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சுட்ட பிறகு ஏவுகணை எவ்வளவு பறக்கும் என்பதை சேர்வர்தான் கணக்குப் போடுகிறது, உங்கள் நெட்டுக்கு அதில் வேலையே இல்லை. தாமதம் கெடுப்பது சுடுகிற கட்டளையைத்தான். அந்த சேர்வர் உலகத்தை செக்கனுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறது. நீங்கள் பட்டனை அமத்தி, கட்டளை லண்டன் போய், அடுத்த செக்கனுக்காகக் காத்திருப்பதற்குள் 2000இல் ஓடுகிறவன் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் தள்ளிப் போயிருப்பான். ஆகக் கடைசித் தூரத்தில் சுடுகிறவருக்கு அதுவே போதும். பறக்கும் நேரம் முழு எண்ணாக இல்லாவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. 6.5 செக்கன் என்று போட்டிருந்தால் ஒரு ஏவுகணை 6 செக்கன் பறக்கும், இன்னொன்று 7 பறக்கும், எது எப்போது என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நின்று சுட்டும் ஒன்று படுகிறது, அடுத்தது படவில்லை என்று குழம்புகிறவர்கள் அந்த அரைச் செக்கனைப் பாருங்கள்.

இடையில் ஒன்று. எங்கள் பக்கத்தில் இந்தக் கேம்களை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஹெட்போன் போட்டுத்தான் விளையாட வேண்டும். 2009ஐப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேம் சத்தமாகக் கேட்காது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

சரி, உண்மையான இயற்பியலில் ஓடுகிற கேம்களுக்கு வருவோம். 2016இல் வந்த சில்ட்ரன் ஒஃப் எ டெட் ஏர்த் மாதிரி. அங்கே வெளியில் காற்று இல்லை, வேகத்துக்கு மேல் எல்லை இல்லை, எரிபொருள் முடிந்தாலும் ஏவுகணை போய்க்கொண்டேயிருக்கும். அப்படியானால் ரேஞ்ச் முடிவில்லாததா? போய்க்கொண்டிருக்கும், ஆனால் திரும்ப முடியாது. அவன் கொஞ்சம் விலகினால் பக்கத்தால் போய்விடும். அதனால் அங்கே கணக்கு முழுவதும் டெல்டா-வி, அதாவது மொத்தமாக எவ்வளவு வேகமாற்றம் உங்கள் கையில் இருக்கிறது என்பது. ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ரொக்கெட் சமன்பாடு இதில் இரக்கமே இல்லாதது. வெளியேறும் வாயுவின் வேகம் செக்கனுக்கு 3 கிலோமீற்றர் என்றால், 3 கிலோமீற்றர் வேகமாற்றத்துக்கு ஏவுகணையின் தொடக்க எடை, எரிபொருள் இல்லாத வெறும் எடையைப் போல 2.7 மடங்கு இருக்க வேண்டும். 6 வேண்டும் என்றால் 7.4 மடங்கு. எரிபொருளைக் கூட்டிக் கூட்டி ஏற்றினால் சரி என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நீங்கள் பின்வாங்கிக்கொண்டே சுட்டால் அந்தப் பின்வேகத்தையும் ஏவுகணை சுமந்துகொண்டு போகும், முதலில் அதை அழிக்கவே எரிபொருள் செலவாகும். அங்கே சுடுவதற்கு முன் கப்பலை அவனை நோக்கித் திருப்பி வேகம் எடுங்கள்.

ஈவுக்குத் திரும்பி, என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலாவது அவனுடைய வேகத்தைக் குறைப்பது. வெப் என்று நாங்கள் சொல்கிற கருவி அதற்குத்தான். 2000இல் ஓடுகிறவனை 800க்கு இறக்கினால் உங்கள் 20, 32 ஆகிவிடும். ஆனால் வெப் கிட்டத்தில் மட்டும்தான் பிடிக்கும், வேகமான சின்னக் கப்பலில் ஒரு கூட்டாளி முன்னால் போக வேண்டும்.

இரண்டாவது, ஸ்கில் படிக்கிற ஒழுங்கு. ஸ்கில் என்பது கேமுக்குள் உங்கள் பாத்திரம் லெவல் லெவலாகப் படிக்கிற திறமை. மிசைல் பொம்பார்ட்மென்ட் ஒரு லெவலுக்குப் பறக்கும் நேரத்தை 10 சதவீதம் கூட்டும், மிசைல் புரொஜெக்ஷன் வேகத்தை 10 சதவீதம் கூட்டும். ஐந்து லெவலும் படித்தால் எதை எடுத்தாலும் காகிதத்தில் 40, 60 ஆகும், அதனால் இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பார்கள். ஓடுகிறவனை வைத்துப் பாருங்கள். நேரம் கூடினால் 2000 வித்தியாசத்தில் 15 செக்கன், 30 கிலோமீற்றர். வேகம் கூடினால் 4000 வித்தியாசத்தில் 10 செக்கன், 40 கிலோமீற்றர். முதலில் புரொஜெக்ஷனைப் படியுங்கள்.