பெரியப்பாவின் மைக் செட்டைக் கைமாற்றும் வேலை: இதுவரை நடந்தது

பென்னாகரம் பக்கம் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் அவருடைய செட்தான் பாடும். அவர் காலத்துக்குப் பிறகு சாமான்கள் எல்லாம் கிருஷ்ணகிரியில் என் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தன. அஹுஜா ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர்கள், ரெக்கார்டு பிளேயர், டபுள் கேசட் டெக், மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டு, சாக்கில் கட்டிய கேசட்டுகள். அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறை கொதிக்கும். எல்.பி. ரெக்கார்டு வினைல், சூட்டில் வளைந்துவிடும். வளைந்த தட்டை நிமிர்த்துவது பெரும்பாடு. ஆசைக்கு வைத்துக்கொண்டு கெடவிடுவதை விட, ஓட்டிக் கேட்கிறவர் கையில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்புக் கம்பிக்கும் ஸ்பீக்கர் காந்தத்துக்கும்தான் அவரிடம் விலை. ரெக்கார்டையும் கேசட்டையும் அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் தொழில் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடாத சாமானை யார் பார்த்தாலும் அந்தக் கணக்குதான் போடுவார்கள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. ஓட வைத்துவிட்டுத்தான் விற்பது என்று வேலையை ஆரம்பித்தேன்.

ஆம்ப்ளிஃபயரை நேராக கரண்டில் சொருகவில்லை. பல வருஷம் சும்மா கிடந்த செட்டுக்குள் கெபாசிட்டர் என்ன நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. ரேடியோ மெக்கானிக் கடைகளில் பழைய குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். 100 வாட்ஸ் பல்பை லைனில் தொடராகப் போட்டு அதன் வழியாகத்தான் செட்டுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பிக்கும். நல்ல செட்டாக இருந்தால் ஒரு முறை மின்னிவிட்டு மங்கிவிடும். எங்கள் அஹுஜா மின்னி மங்கியது. வால்யூமைத் திருப்பினால் மட்டும் கரகர சத்தம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைக் கன்ட்ரோலுக்குள் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை திருப்பியதும் சத்தம் போய்விட்டது.

மரப்பெட்டி ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டால் கோன் படக்கென்று வெளியே குதிக்க வேண்டும். உள்ளே போனால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. அசையவே இல்லையென்றால் காயில் போச்சு. ஜோடியில் ஒன்று குதித்தது. இன்னொன்றில் கோனைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. துணி விளிம்பு வைத்த ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஸ்பாஞ்சு வைத்ததுக்குத்தான் ஆயுள் குறைவு.

அதிக நேரம் பிடித்தது கேசட் டெக். பட்டனை அமுக்கினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், ரீல் நகராது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் உருகிப்போய், ஃப்ளைவீல் விளிம்பு முழுக்கத் தார் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. விரலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாத கருப்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, காதுக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் சுரண்டினால் புல்லியில் கீறல் விழுந்து, புதுப் பெல்ட் போட்டாலும் பாட்டு ஆடும். பெல்ட் அளவுக்கு ஒரு நூலைப் புல்லிகளைச் சுற்றி எடுத்து அளந்து, அதை விடக் கொஞ்சம் சின்ன சுற்றளவில் வாங்கினேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்னும் இதெல்லாம் கிடைக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வாங்கிவிடலாம். ஆன்லைனில் பல அளவு கலந்த பாக்கெட்டாகவும் விற்கிறார்கள்.

பெல்ட் மாட்டியதும் பாட்டு வந்தது, ஆனால் கொஞ்சம் வேகமாக. கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். இதைத் திருத்த மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் திருகு. பெரும்பாலான மோட்டாரில் இது உண்டு. பொடி ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு மயிரிழை அளவு திருப்பினாலே வேகம் மாறும். டெஸ்ட் டேப் என்னிடம் இல்லை. கடையில் வாங்கிய கம்பெனி கேசட்டில் ஒரு பாட்டைப் போட்டு, அதே பாட்டை ஃபோனிலும் ஓடவிட்டு, இரண்டும் சேர்ந்து முடிகிற வரை திருப்பிக்கொண்டே இருந்தேன். டேப்பைத் தொட்டுப் பாட்டை எடுக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு திருகு உண்டு, அது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய. அதைத் தொட்டபோதுதான் ஜால்ரா சத்தம் கணீரென்று எழுந்தது.

ரெக்கார்டுகளை வகை பிரித்தேன். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் கனமான தட்டு தனி, 33⅓ எல்.பி. தனி, 45 சின்னத் தட்டு தனி. 78 தட்டு அரக்குக் கலவை. கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: அரக்குத் தட்டை ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் போட்டுத் துடைக்கவே கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும். வடிகட்டிய தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர லிக்விட், மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பது, நடுவில் ஒட்டிய லேபிளில் ஈரம் படாமல் பார்ப்பது. அவ்வளவுதான். ஊசியும் இரண்டுக்கும் வேறு. 78 தட்டின் பள்ளம் எல்.பி.யை விட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். பெரியப்பாவின் பிளேயரில் கார்ட்ரிட்ஜ் முனையில் ஒரு குட்டி நெம்பு இருக்கிறது, திருப்பினால் மறுபக்க ஊசி வரும். அதைப் பார்க்காமல் எல்.பி. ஊசியை 78 மேல் விட்டால் இரைச்சல்தான் கேட்கும்.

டியூப் லைட்டுக்கு அடியில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் கீறல் எல்லாம் தெரியும். தெரிகிற கீறல் எல்லாம் கேட்காது, கேட்கிற கீறல் எல்லாம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டு, எங்கே டிக் டிக் வருகிறது, எங்கே ஊசி சிக்குகிறது என்று உறை மேல் பென்சிலில் எழுதி வைத்தேன். நல்லதைச் சொல்வது போலவே குறையையும் சொல்லிவிட்டால் வாங்குகிறவர் பேரம் பேசுவது குறைந்துவிடுகிறது. ஹெச்.எம்.வி., எக்கோ, இன்ரிகோ என்று லேபிளைக் கேட்கிறார்கள். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையே வழவழப்பாக இருக்கும் இடத்தில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். எந்த அச்சு என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வாங்க வந்தவர்களில் ஓசூரில் கம்பெனி வேலை செய்யும் ஒரு தம்பி, சேலத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், பெங்களூரு சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் கடை போடும் ஒரு அண்ணன், மூவரிடமும்தான் அதிகம் போனது. சேலத்து வாத்தியார் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்டே வாங்கினார். "கீறல் இருந்தா என்ன சார், நான் கேக்கத்தான வாங்கறேன்" என்று, நான் தனியே ஒதுக்கி வைத்ததிலிருந்தும் நாலைந்து எடுத்துக்கொண்டார். ஒருவர் உறைகளை மட்டும் கேட்டார், கடைச் சுவரில் மாட்ட. நல்ல தட்டை உறையில்லாமல் அம்மணமாக விட எனக்கு மனசு வரவில்லை. உடைந்துபோன தட்டுகளின் உறைகளைக் கொடுத்தேன், அவருக்கும் அது போதுமாக இருந்தது.

கூரியரில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: தட்டை உறைக்குள்ளேயே விட்டு அனுப்பினால் வழியில் விழும் ஒவ்வொரு அடியிலும் அதன் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழிக்கும். உள் காகித உறையோடு வெளியே எடுத்து, வெளி உறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்து, இரண்டு பக்கமும் தட்டை விடப் பெரிய அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். 78 தட்டைக் கூரியரில் அனுப்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், நேரில் வந்துதான் வாங்கிப் போனார்கள்.

கூம்பு ஸ்பீக்கர் போகாது என்று நினைத்திருந்தேன். திருவிழாவில் கூம்பு கட்ட இப்போது அனுமதி கிடைப்பது கஷ்டம், இரவு 10 மணிக்கு மேல் தனி அனுமதி இல்லாமல் வெளியில் ஒலிபெருக்கி வைக்க முடியாது. ஆனால் அஞ்செட்டி பக்கத்து விவசாயி ஒருவர் தேடி வந்தார். ராகி, நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறதாம், பகலில் கிளிக் கூட்டமாம். பேச்சுச் சத்தத்தை ஓடவிட்டால் அண்டுவதில்லை என்றார். ஒரு யூனிட்டில் டயாபிரம் போயிருந்தது, அதை மாற்றி ஓட்டிக் காட்டிக் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயரைக் காரிமங்கலத்தில் புதிதாக சவுண்ட் சர்வீஸ் தொடங்கிய பையன் வாங்கிக்கொண்டான்.

கேசட்டுகளுக்கு வருகிறேன். கம்பெனி கேசட்டுகளைச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டேன், அதில் இருக்கும் பாட்டு எல்லாம் வேறு இடத்தில் நல்ல தரத்தில் கிடைக்கிறது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டுகளை விற்பது சரியல்ல என்பதால் விற்கவில்லை. சாக்கின் அடியில் கிடந்தவைதான் முக்கியம். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் நடக்கும் பாரதக் கூத்துக்கு மைக் கட்டப்போன இடங்களில் பெரியப்பா கூத்தையே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் கொடுத்துப் பதிந்திருக்கிறார். அட்டையில் ஊர் பெயர், எந்த நாள் கூத்து, கூத்து வாத்தியார் யார் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. சந்தையில் இதற்கு ஒரு ரூபாய் தரமாட்டார்கள், உலகத்தில் இன்னொரு பிரதியும் கிடையாது.

இவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யு.எஸ்.பி. ஆடியோ கார்டுக்கு வயர், ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. 90 நிமிஷ கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ 950 எம்.பி. பிடிக்கிறது. சி-90 டேப் சி-60ஐ விட மெல்லிசு, வேகமாக முன்னும் பின்னும் ஓட்டாமல் ஒரு முறை சாதாரண வேகத்தில் முழுக்க ஓடவிட்டு, அடுத்த ஓட்டத்தில்தான் பதிகிறேன்.

ஒரு கேசட்டில் சத்தம் அடங்கி, முகவீணை ஏதோ அடுத்த தெருவில் ஊதுவது போல் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் செப்புத் தகட்டிலிருந்து பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தது. அந்தக் கேசட்டின் மேல் ஓட்டில் ஐந்து திருகு இருந்ததால் பிழைத்தது. ஒட்டிய ஓடாக இருந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். பாழான வேறு கேசட்டிலிருந்து தகட்டோடு பட்டையை எடுத்து, ட்வீசரால் அதே காடியில் உட்கார வைத்து மூடினேன். முகவீணை முன்னுக்கு வந்துவிட்டது, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேச்சுக்கு ஜனங்கள் சிரிப்பதும் தனியாகக் கேட்டது. சில இடத்தில் அடுத்த அடி ஒன்றிரண்டு நொடி முன்னதாகவே மெல்லிசாகக் கேட்கும். சுருளில் ஒட்டிக் கிடந்த பக்கத்துச் சுற்றிலிருந்து ஏறிய பதிவு அது, எடுக்க முடியாது, அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தக் கூத்து வாத்தியார்களில் ஒருவருடைய மகன் இன்றும் வேஷம் கட்டுகிறார். ஃபோனில் கொஞ்சம் ஓட்டிக் காட்டினேன். "எங்கப்பா குரல்தானுங்க. இந்த விருத்தத்த இப்ப நாங்க பாடறதே இல்லீங்க, பாடம் விட்டுப் போச்சு" என்றார். முழு இரவுக் கூத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விட்டுப்போன பாட்டை எழுதி எடுக்க ஒரு பையனை உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்.

பதினெட்டு நாள் கூத்தில் பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. துரியோதனன் விழும் படுகளத்து கேசட் இரண்டில் பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. துடைக்காமல் ஓட்டினால் ஹெட்டுக்கும் பரவும் என்பதால் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஸ்பாஞ்சு போன ஸ்பீக்கருக்கு விளிம்பு வர வேண்டும், ஜோடியாகத்தான் கொடுப்பேன். டெக்கைப் பெங்களூரு அண்ணன் கேட்கிறார். கூத்து கேசட் எல்லாம் ஏறி முடியும் வரை அது எனக்கு வேண்டும், ஆடிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் யார் வீட்டிலாவது இப்படிப் பதிந்த கூத்து கேசட் இருந்தால், சாக்கோடு போடுவதற்கு முன் சொல்லுங்கள். பெல்ட் மாட்டிய டெக் இங்கே இருக்கிறது.